நாலு மில்லி

அத்தியாயம் 14

பஞ்சநாதன் செத்து நாற்பது நாள் முடிவதற்குள் பிள்ளைகள் இருவரும் பங்கு கேட்டு நின்றதையும், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்ததையும் போன வாரம் பார்த்தோம்.

கடலூர் முதுநகர் ஷெட், உலை, பேட்டர்ன் எல்லாம் மூத்தவன் ஜெயப்பிரகாஷுக்கு. சிதம்பரத்தில் இருந்த துளை போடும் எந்திரங்களும் கோர் பாக்ஸும் இளையவன் வினோத்குமாருக்கு.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வலையும் படகும் பிரித்துப் பழகியவர்கள். பழைய ஃபியட் காருக்கு எஞ்சின் மூடியான சிலிண்டர் ஹெட் வார்க்கிற தொழிலில் எதை எதிலிருந்து பிரிக்கக் கூடாது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பேட்டர்ன் என்ற மர அச்சு ஹெட்டின் வெளி உருவத்தை மணலில் பதிக்கும். ஹெட்டுக்குள்ளே தண்ணீர் ஓடும் வழிகளை உண்டாக்குவது கோர். கோர் பாக்ஸ் என்ற தேக்குப் பெட்டியில் மணலை இடித்து எடுக்கிற உள்ளச்சு அது. ஒன்று ஒருவனிடமும் இன்னொன்று மற்றவனிடமும் இருந்தால் இரண்டும் அடுப்புக்குத்தான் ஆகும்.

பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் பிரித்துக்கொண்டார்கள். "பேட்டர்ன் அவனுக்குன்னா கோர் பாக்ஸ் எனக்கு" என்று சின்னவன் சொன்னபோது பெரியவன் மறுபேச்சுப் பேசவில்லை. தான் பிழைப்பதைவிட அடுத்தவன் பிழைக்காமல் இருப்பது முக்கியமாகப் போய்விட்டது.

இருவருக்கும் நடுவில் பிறந்த திலகவதிக்கு ஒன்றும் இல்லை. அவளிடம் கேட்டது ஒரு கையெழுத்து மட்டும். அப்பன் உயில் எழுதாமல் போனதால் அவளுக்கும் பங்கு உண்டாம். 'எனக்கு வேண்டாம்' என்று அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பதிவு.

அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான்.

*

விடிந்தும் விடியாமலும் திலகவதி ஷெட்டுக்குக் கிளம்பியபோது, ஐஸ் கம்பெனி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் கோவிந்தசாமி வாசலில் நின்று சொன்னான்.

"போட்டுக் குடுத்துட்டு வந்துடு. பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கிட்டு நமக்கு வம்பு வாணாம்."

"நான் எங்க வாணான்னு சொன்னேன்?"

உண்மையில் அவள் கையெழுத்துப் போடுவதாகவே முடிவு செய்திருந்தாள். மகள் மோகனப்பிரியாவுக்கு ஆவணி பன்னிரண்டாம் தேதி கல்யாணம். மணவறையில் தாய்மாமன் நிற்க வேண்டும். மாமன் சீர் வர வேண்டும். 'கையெழுத்து இல்லன்னா மாமன்காரன் எவனும் பந்தல மிதிக்க மாட்டான்' என்று அண்ணன் பொண்டாட்டி தண்ணிக் குழாயடியில் வைத்து நாலு பேர் காதில் விழும்படி சொல்லியாகிவிட்டது.

பங்கு போனால் போகட்டும். மகள் மணவறையில் மாமன் இல்லாமல் உட்கார்ந்தால், 'பொறந்த வூட்ட சந்திக்கு இழுத்தவ பொண்ணு' என்ற பேரோடு புகுந்த வீட்டுப் படியை மிதிப்பாள்.

ஷெட்டில் ஜெயப்பிரகாஷ் ஒரு புதுக் கோர் பாக்ஸை வைத்துக்கொண்டு காத்திருந்தான். சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஆறு ஹெட் கேட்டிருந்தார்கள். கம்பெனி அந்தக் காரையே நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது; உதிரி வேண்டுமென்றால் இப்படி வார்த்து எடுத்தால்தான் உண்டு.

"ஆசாரிய வெச்சு செஞ்சிட்டேன். அவன் கோர் பாக்ஸ அவனே கட்டிக்கினு அழட்டும். நீ சட்டுன்னு கோர் போடு. ஒம்போது மணிக்குக் கரண்ட்டுப் போயிடும்."

திலகவதி மணலில் சிலிகேட் பசையை ஊற்றிப் பிசைந்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் பிசைகிற கை. படகுக்குப் புரொப்பல்லர் வார்த்துக்கொண்டிருந்த பஞ்சநாதன் கார் ஹெட்டுக்கு மாறிய நாளிலிருந்து அந்த ஷெட்டில் கோர் என்றால் அவள்தான். கூலிக்கு வந்த பெண்கள் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. சிலிகேட் நகக்கண்ணைத் தின்றுவிடும். வீட்டுப் பெண் எங்கே ஓடுவாள்? கல்யாணமாகியும் இரண்டு தெரு தள்ளித்தானே வாழ்க்கைப்பட்டாள். பிள்ளைப்பேறுக்கு மூன்று மாதம் நின்றதைத் தவிர அவள் அந்த ஷெட்டுக்கு லீவு போட்டதில்லை.

மணலைப் பாக்ஸில் இடித்து, கேஸ் விட்டு இறுக வைத்து, பாக்ஸைப் பிரித்தாள். விரல் எலும்புகளைக் கோத்து வைத்தது போலக் கோர் வந்தது. அதைத் தூக்கி அச்சுப்பெட்டி மணலில் அதற்குரிய குழியில் வைத்தாள்.

ஆடியது.

எடுத்து மறுபடி வைத்தாள். ஆடியது. ஒரு அரிசி கிடக்கிற அளவுக்கு இடைவெளி.

"அண்ணே, ஆசாரி இந்தப் பாக்ஸ எத அளந்து செஞ்சாரு?"

"ஹெட்டத்தான். நல்ல ஹெட் ஒண்ண நெடுக்க அறுத்துக் குடுத்தேன். நூலு பெசகல."

"அதான் தப்பு. அலுமினியம் ஆறும்போது சுருங்கும்ல? சுருங்கிப்போன ஹெட்ட அளந்து பாக்ஸ் செஞ்சிருக்கீங்க. அதுல வாத்தா இன்னொருவாட்டி சுருங்கும். அப்பா இதுக்குன்னே ஒரு ஸ்கேலு வெச்சிருந்தாரே, அதுல ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு துளி ஜாஸ்தி நீளமா இருக்குமே..."

"எத்தினி கொறையுது?"

"நாலு மில்லி இருக்கும்."

"நாலு மில்லி!" ஜெயப்பிரகாஷ் சிரித்தான். "ஒரு குண்டூசி பருமனுக்கு ஊரக் கூட்டறா பாரு. ஓரத்துல களிமண்ண வெச்சு இறுக்கு."

"ஒத்துக்காதுண்ணே."

"நீ கோர் போடறவ. பேட்டர்ன் பேசாத."

இறுக்கினாள். வார்த்தார்கள்.

எட்டு மணிக்கு மணலை உடைத்து ஹெட்டை எடுத்தார்கள். பார்வைக்கு வெள்ளி மாதிரி இருந்தது. அடிப்பக்கத்தைச் சீவிவிட்டு, எஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கட்டை எடுத்து ஜெயப்பிரகாஷ் அதன்மேல் வைத்தான். கேஸ்கட்டின் ஓட்டைகளும் ஹெட்டின் தண்ணீர் வழிகளும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்கார வேண்டும்.

ஒரு முனையில் சரியாக இருந்தது. நடுவில் கொஞ்சம் விலகியது. மறுமுனையில் ஓட்டை பாதி அடைபட்டுக் கிடந்தது. இந்த ஹெட்டைப் பூட்டினால் பத்தாவது மைலில் தண்ணீர் கொதித்து எஞ்சின் இறுகிவிடும்.

அவன் கேஸ்கட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தான். துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தான்.

"வேணும்னே தள்ளி வெச்சியா?"

திலகவதிக்குச் சட்டென்று புரியவில்லை. "என்னாது?"

"பங்கு இல்லன்னு வயித்தெரிச்சல். இன்னிக்குக் கையெழுத்து. அதுக்கு முன்னாடி இவன் பொழப்புல மண்ணப் போட்டுடுவோம்னு..."

"வாய்க்கு வந்தத பேசாதண்ணே. வைக்கறதுக்கு முன்னாடியே நான் சொன்னனா இல்லியா?"

"சொன்ன. சொல்லிட்டே செஞ்ச. அதான் கெட்டிக்காரத்தனம்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் போட்ட கோர் உடைந்ததுண்டு, பொரிந்ததுண்டு. ஒன்றைக்கூட யாரும் 'வேணும்னே' என்று சொன்னதில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. உடைந்த கோர் மணலைக் கூட்டி அள்ளினாள்.

ஜெயப்பிரகாஷ் கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு குரலை இறக்கினான்.

"செரி வுடு. நீ சிதம்பரம் போ. சின்னவன் நீ கேட்டா குடுப்பான். ஒரு வாரத்துக்கு அப்பா பாக்ஸ வாங்கியா. மூணு மணிக்கு நேரா பதிவு ஆபீசுக்கு வந்துடு. அம்மாவ நான் இட்டுக்கினு வரேன்." வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னான். "ஆவணி பன்னெண்டு நெனப்புல இருக்கட்டும்."

*

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காசு கொடுத்தால்கூடக் கிடைக்காத இடம் அந்த நேரத்தில். அவள் வெளியே எதையும் பார்க்கவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்த மணலைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

அண்ணாமலை நகர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாணவர் லாட்ஜ் ஒன்றின் பின்னால் இருந்தது வினோத்குமாரின் ஷெட். அக்காவைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"வாக்கா, வா. டீ சொல்லட்டா? பெரியவன் அனுப்பிச்சானா? கோர் பாக்ஸ் கேட்டானா? அட, மூஞ்சே சொல்லுதே!"

"ஒரு வாரத்துக்குக் குடுடா. ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க."

"அதெல்லாம் தாண்டிப் போயாச்சு. இங்க வந்து பாரு."

உள்ளே மேசைமேல் புதுப் பேட்டர்ன் ஒன்று வார்னிஷ் மினுக்க இருந்தது. பக்கத்தில் அப்பாவின் கோர் பாக்ஸ்.

"நானே செஞ்சிட்டங்க்கா. அவன் பேட்டர்ன் இல்லன்னா நான் செத்துடுவேன்னு நெனச்சான். வீட்ல இருந்த ஹெட் ஒண்ண அப்பிடியே அளந்து, மரத்துல செதுக்க வெச்சேன்."

திலகவதி நிலைப்படியிலேயே நின்றாள். "ஹெட்ட அளந்தா?"

"ஆமா. ஆனா ஒரு ரோதன. பேட்டர்ன் அச்சுல இந்தப் பாக்ஸ் கோர் உக்காரல. நீளமா இருந்துது. அப்பா எங்கியோ அளவுல கோட்ட வுட்டுருக்காரு போல. அதான் பாக்ஸ சரி பண்ணிட்டேன்."

அவள் அருகில் போனாள். தேக்குப் பெட்டியின் நட்டநடுவில் குறுக்கே ஒரு கோடு ஓடியது. கோட்டிலிருந்து பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. விரலால் தடவினாள்.

"அறுத்தியா?"

"நடுவுல ரம்பத்தப் போட்டு நாலு மில்லி எடுத்துட்டு ஒட்டிட்டேன். இப்ப கோர் கிண்ணுனு உக்காருது!"

திலகவதி சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வினோத்குமாரும் கூடச் சேர்ந்து சிரித்தான், பிறகு நிறுத்தினான்.

"என்னாக்கா?"

சொன்னாள். காலையில் அண்ணனிடம் சொன்ன அதே வார்த்தைகள். சுருங்கின ஹெட்டை அளந்து செஞ்ச பேட்டர்ன் சின்னது. பாக்ஸ் சரியா இருந்துது. சின்னதோட பொருந்தணும்னு சரியா இருந்ததையும் அறுத்துட்ட. இரண்டு பிள்ளைகளும் ஒரே தப்பை ஆளுக்கொரு ஊரில் இருந்து செய்திருக்கிறார்கள். ஒருவனிடம் நல்ல பேட்டர்னும் கெட்ட பாக்ஸும். இன்னொருவனிடம் கெட்ட பேட்டர்னும் செத்த பாக்ஸும்.

வினோத்குமார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நெற்றி வேர்த்தது.

"திருப்பி ஒட்ட முடியாதா?"

"ரம்பம் தின்னத எங்க போய்ப் பொறுக்குவ? அதுக்குள்ளாற இருக்கற வளைவு ஒவ்வொண்ணும் அப்பா மாசக்கணக்கா குடைஞ்சது. என் கைக்கு அதோட மேடு பள்ளம் தெரியும். கண்ண மூடிக்கினு சொல்லுவேன்."

அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. கடன்காரன் முகத்தில் திடீரென்று வருகிற வெளிச்சம் மாதிரி.

"அப்ப நீ பக்கத்துல உக்காந்து சொன்னா புதுசு செஞ்சிடலாம். நீ என்கூட இருந்துடுக்கா. பெரியவன்கிட்ட மூச்சு வுடாத. தெரிஞ்சா அப்பா பொருள அழிச்சிட்டேன்னு பிரிச்ச பங்கையே இல்லன்னுடுவான். மூணு மணிக்குப் போய் கையெழுத்த மட்டும் போட்டுடு. மோகனாவுக்கு மாமன்னு நான் நிக்கிறேன். அவன் வராட்டியும் நான் நிக்கிறேன். போதுமா?"

"கையெழுத்துப் போட்டாதான் நிப்பியா?"

வினோத்குமார் பைக் சாவியைத் தேடினான்.

*

கடலூர்ச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் மேசை போட்டிருந்தார். அம்மா மங்கம்மா மரத்தைச் சுற்றிய சிமென்டுக் கட்டையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் சண்டையில் அவள் யார் பக்கமும் பேசியதில்லை. யார் சோறு போட்டாலும் சாப்பிட்டாள்.

சின்னவனின் பைக் நின்றதும் பெரியவன் அவனைப் பார்க்காமல் தங்கச்சியிடம் கேட்டான். மூன்று மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"பாக்ஸ் எங்க?"

"அவன்கிட்ட கேளு."

"கையெழுத்து முடியட்டும், குடுக்கறேன்னு சொல்லுக்கா" என்றான் வினோத்குமார், வேப்பமரத்தைப் பார்த்து.

பாக்ஸை அறுத்த கதையைத் திலகவதி இங்கே சொன்னால் இந்த மரத்தடியே ரணகளமாகும். மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாமன்களும் முழுசாக வந்து நிற்கட்டும் என்று பார்த்தாள்.

எழுதுகிறவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பெயர், அப்பன் பெயர், கதவு எண், சர்வே எண். திலகவதி பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. எதற்குக் கேட்பது, எல்லாம் போகப்போகிறதுதானே.

"...மேற்படி வார்ப்படத் தொழிலில் நான் எவ்வித முதலீடோ உழைப்போ எக்காலத்திலும் செலுத்தியதில்லை என்பதாலும்..."

"நில்லுங்க."

எழுதுகிறவர் நிமிர்ந்தார்.

"கடைசியா படிச்சது என்னா?"

மறுபடி படித்தார். உழைப்போ எக்காலத்திலும் செலுத்தியதில்லை.

திலகவதி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். காலையில் போட்ட கோரின் மணல் நகக்கண்ணில் இன்னும் இருந்தது.

"அத அடிச்சிட்டு எழுதுங்க. போட்டுத் தரேன்."

"அதெல்லாம் சும்மா சட்டத்துக்கு எழுதறது திலகா" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"சும்மாதான, அப்ப அடிங்க. ஷெட்டு வாணாம், எந்திரம் வாணாம், ஒரு ஆணி வாணாம். அந்த ஒரு வரிய எடுங்க. நான் உழைக்கலன்னு என் கையாலயே எழுதித் தர மாட்டேன்."

அண்ணன் எழுதுகிறவரைப் பார்த்தான். அவர் தலையைச் சொறிந்தார். "எடுக்கலாம். ஆனா நாளைக்கு இந்தம்மா நான் இத்தன வருசம் வேல செஞ்சேன்னு கோர்ட்டுக்குப் போனா, அப்ப நீங்க என்னயக் கேக்கக் கூடாது."

"வாணாம். வரி இருக்கட்டும்" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"இருக்கட்டும்" என்றான் வினோத்குமார்.

அண்ணனும் தம்பியும் மூன்று மாதத்தில் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"யம்மா, நீ சொல்லு" என்று திலகவதி திரும்பினாள். "நான் உழைக்கலியா?"

மங்கம்மா வெற்றிலை எச்சிலை ஓரமாகத் துப்பினாள். "வூட்டு வேலைக்கெல்லாம் கணக்குப் பாப்பாங்களாடி? போட்டுக் குடுத்துட்டு வா. வெயிலு தாங்கல."

உள்ளேயிருந்து ஆள் வந்து பெயர் கூப்பிட்டான்.

சார்பதிவாளர் அவளை ஏறிட்டுப் பார்க்காமல், ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிற கேள்வியைக் கேட்டார். "படிச்சுக் காட்டினாங்களா? முழு சம்மதத்தோடதான எழுதிக் குடுக்கறீங்க?"

பக்கத்தில் அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. மறுபக்கம் தம்பியின் வியர்வை வாடை.

"இல்லைங்க" என்றாள் திலகவதி.

சார்பதிவாளர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "இல்லியா?"

"படிச்சுக் காட்டினாங்க. சம்மதம் இல்லைங்க."

அவர் பத்திரத்தை மூடி மேசை ஓரமாகத் தள்ளினார். "அடுத்தது யாரு?"

*

படியிறங்குவதற்குள் ஜெயப்பிரகாஷ் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"காலையில ஹெட்டக் கெடுத்த. இப்ப எங்க எல்லாரையும் கெடுத்த."

"ஹெட்ட நான் கெடுக்கல. நீயும் அவனும் ஒரே மாதிரி கெடுத்துக்கினீங்க. அப்பா பாக்ஸ அவன் நடுவுல அறுத்து ஒட்டி வெச்சிருக்கான். போய்ப் பாரு. இனிமே அந்த ஹெட்ட வாக்கணும்னா என் கை வேணும். இந்த உழைக்காத கை."

சொல்லி முடித்ததும் அவள் எதிர்பார்த்தது அடிதடி. தம்பி சட்டையை அண்ணன் பிடிப்பான், அம்மா தலையிலடித்துக்கொண்டு ஓடி வருவாள் என்று நினைத்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஜெயப்பிரகாஷ் தம்பி பக்கம் திரும்பினான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"வண்டிய எடுடா" என்றான் அண்ணன்.

இருவரும் ஒரே பைக்கில் ஏறினார்கள். மங்கம்மாவுக்கு ஒரு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டாள். மகள் நின்ற பக்கம் திரும்பவில்லை.

திலகவதி முதுநகர் டவுன் பஸ்ஸுக்கு நின்றாள். ஒரு பஸ் நிற்காமல் போனது. இரண்டாவதில் ஏற இடமில்லை. மூன்றாவதற்காக நிற்கும்போது செல்போன் அடித்தது. மோகனப்பிரியா.

"யம்மா, பெரிய மாமா இப்பத்தான் மாப்ள வூட்டுக்குப் போன் பண்ணாராம். ஒரு தரம் நேர்ல பேசணும்னாராம். அவுங்க அப்பாவும் சித்தப்பாவும் கெளம்பிட்டாங்களாம்மா. ராத்திரிக்குள்ள இங்க வந்துடுவாங்களாம்." குரல் உடைந்தது. "நீ என்னாம்மா பண்ண?"

திலகவதி எதிர்ச் சாரியில் காலியாக வந்த பஸ்ஸைப் பார்த்தாள். அது வேறு ஊருக்குப் போகிற பஸ்.

"அழாத. அப்பா வந்ததும் கடைக்கு அனுப்பி காய்கறி வாங்கியாரச் சொல்லு. ரெண்டு பேருக்கும் சேத்து உலை வை" என்றாள். "வரவங்க சாப்புட்டுட்டே கேக்கட்டும். நானே சொல்றேன்."